ஒற்றைப்படைப் பாட்டெல்லாம் அக்காவுக்கு

எனக்குக் கோபம் வந்ததால்தான் பழைய பாட்டு வாசிக்கப் போனேன். தமிழ்த் தொண்டு, அது இது என்று சொன்னால் என் வீட்டுக்காரியே சிரிப்பாள்.

திருப்பதியில் வீடு, ஸ்ரீ சிட்டியில் வேலை. புத்தூர், நாகலாபுரம், சத்தியவேடு வழியாகக் கம்பெனி பஸ்ஸில் தினமும் போய் வருகிறேன். பஸ்ஸில் பாதிப் பேர் வாயைப் பிளந்து தூங்குவார்கள், மீதிப் பேர் சினிமாப் பாட்டு கேட்பார்கள். எனக்கு ரெண்டும் ஒத்துவராது. அப்படி ஒருநாள் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தளம் கண்ணில் பட்டது. பதிப்புரிமைக் காலம் தாண்டிவிட்ட பழைய செய்யுள் நூல்களை யார் யாரோ தன்னார்வலர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து வாசித்து, ஒலிப்பதிவாகப் போட்டு வைத்திருந்தார்கள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஆசையாகக் கேட்டேன். ஒருவர் ரயில் வரும் நேரத்தை அறிவிப்பதுபோல வாசித்திருந்தார். மழையைப் பற்றிய பாட்டு. அவர் வாசிப்பில் மழையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கம்பெனியில் நான் ரப்பர் வாஷர்களைச் சரிபார்க்கிற பிரிவில் இருக்கிறேன். ஓரத்தில் துளி பிசிறு இருந்தாலும் ரிஜெக்ட் பெட்டியில் போடுவதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில், சத்தியவேடு வருவதற்குள் தளத்துக்கு நீளமாக ஒரு புகார் எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது: "நீங்களே வாசித்து அனுப்பலாமே."

வசமாக மாட்டிக்கொண்டேன். சும்மா இருந்தால் வாய்ச்சவடால் என்று ஆகிவிடும். சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்று வாங்கி, சோதனைக்காக ஒரு பாட்டை வாசித்து அனுப்பினேன். அங்கே ஒவ்வொரு பதிவையும் வேறொரு தன்னார்வலர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுச் சரிபார்ப்பார். எனக்கு வாய்த்தவர் ஒரு அம்மா. எந்த ஊரோ தெரியாது. மின்னஞ்சல் கடிதங்களில் மட்டும்தான் பழக்கம். அவர் எழுதியிருந்தார்: "உச்சரிப்பு தெளிவு. ஆனால் தேவாலயத்தில் வேதம் வாசிப்பதுபோல் இருக்கிறது."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அந்தம்மா காது ரொம்ப நல்ல காதுங்க" என்றாள்.

உண்மைதான். எனக்குத் தெரிந்த ஒரே வாசிப்பு அதுதான்.

சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குள் எங்கள் வீடு இருந்தது. நைனா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். நைனா, அக்கா, நான், மூன்று பேர்தான். மாலையில் கோவில் மணி, அதாவது சர்ச் மணி, அடித்த கொஞ்ச நேரத்தில் நைனா டிங்க்சர் வாசனையோடு வருவார், கைகால் கழுவுவார், பாயை விரிப்பார். அக்கா சோற்றுப்பானையை இறக்கி ஓரமாக மூடி வைத்துவிட்டு வந்து உட்காருவாள். பிறகு குடும்ப ஜெபம். அது முடியாமல் யாருக்கும் சோறு கிடையாது.

வீட்டில் இருந்தது ஒரே வேதப் புத்தகம். அந்தக் காலத்தில் சித்தூரில் கரண்ட் இருந்த மாலைகளை விட இல்லாத மாலைகள்தான் எனக்கு நினைவிருக்கிறது. லாந்தர் வெளிச்சத்தில் அந்த ஒரே புத்தகத்தை நானும் அக்காவும் தலையோடு தலை முட்டப் பார்த்து, ஒரு வசனம் அவள், ஒரு வசனம் நான் என்று மாறி மாறி வாசிப்போம். கோவிலில் ஐயர், பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம், ஒரு வசனமும் சபையார் ஒரு வசனமும் வாசிப்பார்கள் இல்லையா, அதே முறை. அவள் மூத்தவள், அதனால் முதல் வசனம் எப்போதும் அவளுக்கு. ஒன்று, மூன்று, ஐந்து எல்லாம் அக்கா. ரெண்டு, நாலு, ஆறு எல்லாம் நான். ஒருநாளாவது முதல் வசனம் எனக்குக் கொடு என்று அழுது புரண்டிருக்கிறேன். "நீ மொதல்ல பொறந்துருக்கணும்" என்பாள். 

நைனா புத்தகத்தைப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு சொல் இடறினால் தொண்டைக்குள் "ம்ஹும்" என்பார். திட்டெல்லாம் கிடையாது, அந்த "ம்ஹும்" போதும். நாங்கள் திரும்ப அந்தச் சொல்லிலிருந்து வாசிப்போம். அவர் போட்ட சட்டம் இன்னொன்றும் உண்டு. மற்றவர் வாசிக்கும்போது வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்கக்கூடாது. "ஒதடு அசையணும், சத்தம் வரக்கூடாது" என்பார். அதாவது அக்காவின் வசனத்தை நான் உதட்டுக்குள் வாசிக்க வேண்டும், என் வசனத்தை அவள். நான் நிதானமாக வாசிப்பேன். அவள் சோறு ஆறிவிடுமே என்று ஓட்டுவாள். என் வசனத்தை உதட்டுக்குள் எனக்கு முன்பே முடித்துவிட்டு, நான் முடிக்கும்வரை "ட்ச்" கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசியில் நைனா ஆமென் சொல்வார். அந்த ஆமென் அடங்குவதற்குள் அக்கா எழுந்து, "துன்ன வாடா" என்று தட்டை வைப்பாள்.

இன்றைக்கும் யாராவது ஆமென் சொன்னால் எனக்குப் பசிக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பிறகு எல்லா வீட்டிலும் நடப்பது நடந்தது. அக்காவுக்குச் சித்தூரிலேயே கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீட்டார் தெலுங்குச் சபை. நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு எம்.ஆர்.ஓ. ஆபீசில், அதாவது தாசில்தார் ஆபீசில், வேலை. நாள் முழுக்கத் தெலுங்கில் எழுதி, தெலுங்கில் பேசி, தெலுங்கில் பிள்ளைகளை வளர்த்தாள். என்னிடம் பேசும்போதும் பாதி வாக்கியத்தில் தெலுங்குக்குத் தாவிவிடுவாள். நான் கிண்டல் செய்வேன், அவளும் சிரிப்பாள்.

நைனா இறந்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. கல்லறைத் தோட்டத்தில் நானும் அவளும் மாறி மாறி வேதம் வாசிக்கவேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். நைனாவுக்கு வேறு என்ன செய்துவிட முடியும்? லாந்தர் காலத்துப் புத்தகத்தையே பையில் எடுத்துப் போயிருந்தேன். அங்கே போனால், அக்காவின் மாமனார் வீட்டு ஐயர் தெலுங்கில் வாசிக்க ஏற்பாடு ஆகியிருந்தது. வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது என்று காரணம் சொன்னார்கள். நான் அக்காவிடம் போய், "நீயும் நானும் படிக்கலாம் வா. நைனா கேக்கணும் இல்ல?" என்றேன்.

அவள் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். "எனுக்கு இப்போ தமிழ் படிக்க வராதுடா. விட்டே எத்தினியோ வருசம் ஆவுது. எல்லார் எதிர்லயும் தப்பு தப்பா படிச்சா நல்லா இருக்குமா? வத்துலே" என்றாள்.

வேண்டாம் விடு என்பதையும் தெலுங்கிலேயே சொன்னாள். எனக்கு வந்த கோபம் அவ்வளவு இவ்வளவு அல்ல. மண் போட்டு முடித்ததும் அங்கிருந்தே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு தயாராக இருந்தது. அக்கா கல்லறைத் தோட்டத்துக் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்து, "துன்னுட்டுப் போடா, டேய், துன்னுட்டுப் போ" என்று கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டிலிருந்து கேக் வரும், எங்கள் வீட்டிலிருந்து முறுக்கு போகும். ரெண்டையும் கொடுத்து வாங்குவது என் வீட்டுக்காரி. அவள்தான் அக்காவோடு போனில் பேசுவாள். அக்காவின் பேரை எடுத்தாலே நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

வருஷங்கள் இப்படியே போயின. அந்த நேரத்தில்தான் இந்த வாசிப்பு வேலை வந்து சேர்ந்தது.

திருப்பதியில் ஒரு பாட்டைச் சத்தம் இல்லாமல் பதிவு செய்வதைவிட மலை ஏறுவது சுலபம். மின்விசிறியை நிறுத்தவேண்டும், ஜன்னலைச் சாத்தவேண்டும். பீரோக் கதவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவில் தலையை விட்டு, மேலே போர்வையைப் போர்த்திக்கொண்டால் எதிரொலி வராது என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். வியர்த்துக் கொட்டும். முகூர்த்த நாளில் கல்யாண பேண்டு வாத்தியம், மற்ற நாளில் யாத்திரிகர்களை ஏற்றுகிற ஜீப்காரர்களின் கூச்சல். சரிபார்க்கிற அம்மா எதையும் விட மாட்டார். "இரண்டாம் நிமிடத்தில் குக்கர் விசில்." "ஐந்தாம் நிமிடத்தில் பலர் சேர்ந்து கோவிந்தா என்கிறார்கள்." "இன்று பின்னணியில் ஒரு பெண் சிரிக்கிறார்." சிரித்தது என் வீட்டுக்காரி. பீரோவுக்கு வெளியே தெரிந்த என் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

திட்டிக்கொண்டே திருத்தி அனுப்புவேன். அந்த அம்மாவும் என் ஜாதிதான், பிசிறு பொறுக்காதவர் என்று கொஞ்சநாளில் புரிந்தது. மனசுக்குள் ஒரு மரியாதை வந்துவிட்டது. ரெண்டு மூன்று நூல்களில் என் பங்கை ஒழுங்காக முடித்துக் கொடுத்தேன்.

அடுத்து வந்தது, நூறு பாட்டுள்ள ஒரு பழைய நூல். நாலு நாலு வரியாக, எண் போட்ட பாட்டுகள். எழுதியவர் யாரென்றே சரியாகத் தெரியாது. வெயில், மழை, ஏர், அறுப்பு, பசித்து வந்தவனுக்குச் சோறு போடுவது என்று நம் வீட்டு விஷயமாகவே போகும். ஐந்து பேர் ஆளுக்கு இருபது பாட்டு என்று பிரித்துக்கொண்டோம். முதல் இருபது எனக்கு.

அன்று வேலை முடிந்து வந்தபோது நல்ல மழை. மாலை ஏழு மணி இருக்கும், தெருவோடு கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டு டிவி நின்றது, எதிர் வீட்டு மோட்டார் நின்றது, ஜீப்காரர்கள் எங்கேயோ ஒதுங்கிவிட்டார்கள். இப்படி ஓர் அமைதி திருப்பதியில் திரும்பக் கிடைக்காது என்று அவசரமாக உட்கார்ந்தேன். பீரோவுக்குள் போகவே அவசியம் இல்லை. பாயை விரித்து, எமர்ஜென்சி விளக்கைப் பக்கத்தில் வைத்து, நூலைத் தரையில் போட்டுக் குனிந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க அவ்வளவு சுகமாக இருந்தது. பதினாலாவது பாட்டில் மட்டும் ஒரு நீளமான சொல் இடறியது, அதைத் திரும்ப வாசித்தேன். இருபதாவது பாட்டு முடிந்ததும் எனக்கு நல்ல பசி. இவ்வளவு நன்றாக நான் வாசித்ததே இல்லை என்று தோன்றியது. போட்டுக் கேட்காமலேயே அனுப்பிவிட்டு, சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் இருக்கும்போது அந்த அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. "வாசிப்பு மிக அருமை. பதினான்காம் பாட்டில் ஒரு சிறு இடறல், பாதகமில்லை. ஆனால் ஒன்று, மூன்று, ஐந்து, இப்படி ஒற்றைப்படைப் பாட்டுகள் எதுவும் பதிவில் இல்லை. அந்த இடங்களில் எல்லாம் அமைதியாக இருக்கிறது. என்ன ஆயிற்று?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருபது பாட்டையும் நான் வாசித்தேன், என் காதால் கேட்டேன், உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று பதில் எழுதத் தொடங்கிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று இயர்போனை மாட்டி என் பதிவைப் போட்டேன்.

நூலின் பெயரைச் சொல்கிறேன். அப்புறம் ஒன்றுமே இல்லை. தூரத்தில் மழை மட்டும் கேட்கிறது. சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். மழைக்குள் ரொம்பச் சின்னதாக, உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. நூலை எடுத்து முதல் பாட்டை அந்தச் சத்தத்தோடு ஓட்டிப் பார்த்தேன். நாலு வரியும் சரியாக முடிகிற இடத்தில் என் குரல் ரெண்டாவது பாட்டைத் தொடங்கியது.

ஒதடு அசையணும், சத்தம் வரக்கூடாது.

பாய், இருட்டு, பக்கத்தில் ஒரு விளக்கு, குனிந்து பார்க்கிற புத்தகம். போதாதா? என் உடம்பு பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. முதல் பாட்டு அக்காவுடையது என்று வாய் தானாக அடங்கியிருக்கிறது. என் காதில் கேட்ட பத்துப் பாட்டு அவள் குரலாகத்தான் இருந்திருக்கவேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பெனி பஸ்ஸில், பேட்ஜ் மாட்டிக்கொண்டு, நாகலாபுரம் வருவதற்குள் அழுதேன். பக்கத்தில் இருந்தவன் ஜன்னலைச் சாத்தவா சார் என்றான். சாத்து, ஒரே தூசி என்றேன். வெளியே மழைத் தூறல்.

மற்ற நாலு பேரும் தங்கள் பங்கை முடித்துவிட்டார்கள், அடுத்த திங்கட்கிழமைக்குள் திருத்தி அனுப்பினால் நூலை வெளியிட்டுவிடலாம், இல்லையென்றால் வேறு யாரிடமாவது கொடுக்கவேண்டியிருக்கும் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். விட்டுப்போன பாட்டுகளை வாசித்து நடுவில் சேர்த்தால் முடிந்தது. கம்பெனி பாஷையில் சொன்னால் சின்ன ரீவொர்க். அன்று மாலையே பீரோவுக்குள் தலையை விட்டு வாசித்தேன். பிடிக்கவில்லை, அழித்தேன். திரும்ப வாசித்தேன், அழித்தேன். எனக்குச் சேராத தட்டில் கை வைப்பதுபோல இருந்தது.

வீட்டுக்காரி பீரோக் கதவைத் தட்டினாள். விஷயத்தை அவளிடம் சொல்லியிருந்தேன். "இன்னாங்க, அது அண்ணி பாட்டு. அவங்களாண்ட கேளுங்க. நீங்க எத்தினி வாட்டி படிச்சாலும் உங்களுக்குப் புடிக்காது" என்றாள்.

"அவளுக்குத்தான் தமிழ் படிக்க வராதே" என்றேன்.

"அத அவங்க சொல்லட்டும்."

போனை எடுத்தேன். நீளமாக எழுதினேன், கல்லறைத் தோட்டத்தையும் எழுதினேன். எல்லாவற்றையும் அழித்தேன். என் பதிவையும் நூலின் பக்கங்களைப் படம் எடுத்து அதையும் அனுப்பி, கீழே ஒரே வரி போட்டேன்: "ஒற்றைப்படையெல்லாம் உன்னுது." அவள் பார்த்துவிட்டாள் என்று ரெண்டு நீலக்கோடு வந்தது. பதில் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. கம்பெனியில் அந்த வாரம் என் கையில் ரிஜெக்ட் ஆன வாஷர்களுக்குக் கணக்கே இல்லை, நல்ல சரக்கையும் தூக்கிப் போட்டிருப்பேன் போல. சூப்பர்வைசர் வந்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குப் பயமாகவே இருந்தது. கோபத்தில் பேசாமல் இருப்பது வேறு. கேட்டு, அவள் மறுபடியும் வராது என்றுவிட்டால், அதற்குமேல் எங்களுக்குள் கேட்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. நைனாவின் பாயில் உட்கார்ந்தவர்களில் மீதி இருப்பது நாங்கள் ரெண்டு பேர்தான்.

சனிக்கிழமை பஸ் புத்தூர் தாண்டி வந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அக்காவிடமிருந்து ஓர் ஒலிக்கோப்பு. ஒரு சொல்கூட எழுதவில்லை. பஸ்ஸில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

எடுத்த எடுப்பில் முதல் பாட்டு. தமிழில், சித்தூர்த் தமிழில், காம்பவுண்டு வீட்டுத் தமிழில். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. சில சொற்களை எழுத்துக்கூட்டித்தான் கடந்தாள். ஒரு சொல்லில் தடுக்கி, நின்று, அந்தச் சொல்லிலிருந்து திரும்ப ஆரம்பித்தாள். நைனா சொல்லிக் கொடுத்தபடியே. பின்னால் டிவியில் தெலுங்குச் செய்தி ஓடுகிறது. யாரோ ஏதோ கேட்கிறார்கள், அவள் பாட்டை விடவில்லை. முதல் பாட்டு முடிந்ததும் மூன்றாவது பாட்டுக்குப் போவாள் என்று காத்திருந்தேன். போகவில்லை. அமைதி. சத்தத்தைக் கூட்டினேன். எறும்பு பேசுகிற அளவுக்கு என் குரல் கேட்டது. ரெண்டாவது பாட்டு. ஒரு போனில் என் பதிவை ஓடவிட்டுக் காதில் மாட்டிக்கொண்டு, இன்னொரு போனில் பதிவு செய்திருக்கிறாள். அந்தச் சின்னக் குரலோடு சேர்ந்து உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம்.

என் பதிவை மேலேயும் அவள் பதிவைக் கீழேயும் வைத்து, ரெண்டையும் ஒன்றாக ஓடவிட்டேன். அவள், நான். அவள், நான். என் பாட்டை உதட்டுக்குள் எனக்கு முன்பே முடித்துவிட்டு நாலாவது பாட்டில் "ட்ச்" என்றாள். எட்டாவதிலும் "ட்ச்". வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றாள்.

பதினாலாவது பாட்டு என்னுடையது. நான் அந்த நீளமான சொல்லில் இடறினேன். அந்த இடத்தில், அக்காவின் அமைதிக்குள்ளிருந்து, தொண்டைக்குள், மெதுவாக, "ம்ஹும்" என்று வந்தது.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றே மீதியைக் கேட்டேன். அது அக்காவின் தொண்டைதான். ஆனால் அந்தச் சத்தம் நைனாவுடையது.

இருபதாவது பாட்டும் என்னுடையது. முடித்தேன். என் பதிவு அங்கே நின்றுவிட்டது. அக்காவின் பதிவு நிற்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. அப்புறம் சொன்னாள்:

"துன்ன வாடா."

அவ்வளவுதான். மறுநாள் ஞாயிறு. இருக்கிறபடியே கோப்பை அந்த அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, வாசித்தவர்கள் இருவர் என்று மட்டும் குறிப்பு எழுதிவிட்டு, காலையில் வீட்டுக்காரியோடு சித்தூர் பஸ் ஏறினேன். சந்திரகிரி தாண்டியதும் என்ன பேசுவது என்று யோசிக்க ஆரம்பித்தேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

பேச வேண்டியும் இருக்கவில்லை. அக்கா கதவைத் திறந்து, "இளைச்சிப் பூட்டியேடா" என்றாள். என் தொப்பையைப் பார்த்துத்தான் சொன்னாள். பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், தமிழ் சுத்தமாகத் தெரியாதவர். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெலுங்கில் முறையிட்டார். ஒரு வாரமாக இதே வேலையாம். ஆபீசிலிருந்து வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, சின்னப் பிள்ளை பாடம் படிப்பதுபோலச் சத்தம் போட்டாளாம். வாரம் முழுக்கக் குழம்பு அடிபிடித்ததாம். அக்கா அவரை முறைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "அன்னிக்கும் படிக்க வந்துருக்கும்டா. பயந்துட்டேன். இப்போ யாரும் பாக்காதப்ப படிச்சேன்" என்றாள். 

தரையில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்தாள். களியும் கறிக்குழம்பும். நைனாவுக்குப் பிடித்தது. ரெண்டு கவளம் போட்டிருப்பேன், போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்துப் பார்த்தேன். சரிபார்க்கிற அம்மா.

"இருவர் வாசிப்பும் மிகப் பொருத்தம். சிறு ஒலிகள் இருக்கட்டும், உறுத்தவில்லை. ஆனால் இருபதாம் பாட்டுக்குப் பிறகு இரண்டு சொற்கள் கூடுதலாக உள்ளன. அவை நூலில் இல்லை. தயவுசெய்து நீக்கி அனுப்பவும்."

அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றி, யாருடா என்றாள். ஆபீஸ் என்றேன். கை எச்சிலாக இருந்தது, அப்புறம் பதில் எழுதிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.